வாக்கும் கணக்கும்

தமிழில் வாக்கு என்னும் சொல் இருபொருள் தருவது. ஒருவர் பிறர்க்கு அளிக்கும் உறுதிமொழியும் வாக்கு. தேர்தற் காலத்தில் குடிமக்கள் தம் விருப்பத்தைத் தெரிவித்து அளிப்பதும் வாக்கு. பேச்சு வழக்கில் நாம் வழங்கும் ஓட்டு என்னும் சொல்லோ ஆங்கிலத்தின் வழியாக வந்தது. அதற்கு மூலமாகிய இலத்தீன் சொல்லுக்கு நேர்த்திக்கடன் என்பது பொருள். இவற்றை ஒருங்கு வைத்து நோக்குங்கால் ஓர் உண்மை புலனாகும். கட்சியார் ஒரு வாக்குக் கொடுக்கின்றனர். குடிகள் அதற்கு ஈடாக ஒரு வாக்குக் கொடுக்கின்றனர். குடிகள் கொடுத்த வாக்கு முத்திரையிட்டுக் காவலில் வைக்கப்படுகின்றது. குறித்த நாளில் ஒன்றும் குறையாமல் எண்ணப்படுகின்றது. கட்சியார் கொடுத்த வாக்கை எண்ணுவார் யார்? இவ்வினாவே இக்கட்டுரையின் பொருள்.

இன்ன கட்சிக்கு வாக்களியுங்கள் என்று கூறுதல் நமது நோக்கமன்று. எக்கட்சியாயினும் வாக்கு வேண்டி நம் வாயிலில் வந்து நிற்குங்கால், அதனிடம் நாம் எதிர்பார்க்க உரிமையுடையது யாது என்பதைச் சரித்திர வழியாக ஆராய்தலே நோக்கம். அதற்கு வத்தல்மலையை நிலைக்களமாகக் கொள்வோம்.

வத்தல்மலையின் நிலை

தருமபுரி நகரிலிருந்து ஏறக்குறைய 25 கிலோமீட்டர் தொலைவில், கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு கூறாய் நிற்பது வத்தல்மலை. பெரியூர், சின்னாங்காடு, பால்சிலம்பு முதலிய சிற்றூர்கள் அதன் மேல் உள்ளன. அங்கு வாழ்வோரிற் பெரும்பாலார் மலையாளி என்னும் பழங்குடியினர். இப்பெயர் கேரள நாட்டாரைக் குறிப்பதன்று. மலையில் வாழ்ந்து அதனை ஆளும் மக்கள் என்பதே அதன் கருத்து. காஞ்சியினின்றும் புறப்பட்ட உடன்பிறந்தார் மூவர் வெவ்வேறு மலைகளிற் குடியேறினர் என்றும், அவர் வழியினரே மலையாளிகள் என்றும் அம்மக்களிடையே செவிவழிச் செய்தி உண்டு. சேர்வராயன், கொல்லி முதலிய மலைகளில் ஊர்க்கவுண்டர், நாட்டுக்கவுண்டர், பட்டக்காரர் எனப் படிப்படியான பதவிகள் அமைத்துத் தம் வழக்குகளைத் தாமே தீர்த்துக்கொண்ட மக்கள் இவர்கள். ஆகவே சபை கூடுதலும், சொன்ன சொல்லுக்குக் கட்டுப்படுதலும் இவர்கட்குப் புதியன அல்ல.

சாமையும் கேழ்வரகும் விளைந்த இம்மலையில் பிற்காலத்துக் காப்பியும் மிளகும் பயிராயின. விளைந்ததை விற்கவும், நோயுற்றாரை மருத்துவரிடம் சேர்க்கவும் கீழே இறங்கியே ஆகவேண்டும். அவ்வாறு இறங்குதற்குரிய வழியோ நெடுங்காலம் கால்நடைப் பாதையாகவே இருந்தது. பிரசவ வேதனையுற்ற பெண்களைத் தூளி கட்டித் தோளில் தாங்கி இறக்கிய காலம் பெரியோர் நினைவினின்றும் இன்னும் நீங்கவில்லை.

1952 முதல் 2001 வரை சென்னை மாகாணத்தும் அதன் வழிவந்த தமிழ்நாட்டிலும் சட்டசபைக்குப் பொதுத்தேர்தல்கள் 12 நிகழ்ந்தன. அத்தனை தேர்தல்களிலும் மலைமக்கள் வாக்களித்தனர். பேருந்து ஏறத்தக்க சாலையோ இந்நூற்றாண்டு பிறந்து பல ஆண்டுகள் கழிந்த பின்னரே, இருபதுக்கு மேற்பட்ட கொண்டை ஊசி வளைவுகளோடு, மலையின் மேல் ஏறிற்று. 2021ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்களில் முதலமைச்சர் மு. க. ஸ்டாலின் வத்தல்மலைக்கு வந்து மக்களைக் கண்டு குறை கேட்டார். அதன் பின்னர் அரசுப் பேருந்தும் மலையேறத் தொடங்கிற்று. அரை நூற்றாண்டுக்கு மேல் காத்திருந்து பெற்றதைப் பெறாதது போலப் பேசுதல் நன்றியன்று. ஆயினும் அது ஏன் அவ்வளவு காலம் பிடித்தது என்று வினவாமை அறிவன்று.

காரணம் எண்ணிக்கையில் உள்ளது. தருமபுரி ஜில்லாவில் சட்டசபைத் தொகுதிகள் ஐந்து: பாலக்கோடு, பென்னாகரம், தருமபுரி, பாப்பிரெட்டிப்பட்டி, அரூர். இவற்றுள் ஒன்றேனும் பழங்குடியினர்க்கு ஒதுக்கப்பட்டதன்று. 2008ஆம் ஆண்டுத் தொகுதிச் சீரமைப்புக்கு முன் மாகாணம் முழுதிலும் ஏற்காடு, சேந்தமங்கலம், உப்பிலியாபுரம் என மூன்று தொகுதிகள் அவர்கட்கு இருந்தன. அதன்பின் உப்பிலியாபுரம் நீங்க, இரண்டே எஞ்சின. 2011ஆம் ஆண்டுக் குடிக்கணக்கின்படி தமிழ்நாட்டுப் பழங்குடியினர் 7 லட்சத்து 94 ஆயிரத்துக்கு மேற்பட்டோர். மக்கட்டொகையில் நூற்றுக்கு ஒருவர் என்னும் அளவினர். அவருள் மலையாளிகளே பெரும்பகுதியினர். ஆயினும் பல மலைகளில், பல தொகுதிகளிற் சிதறிக் கிடக்கின்றனர். இரண்டு லட்சத்துக்கு மேற்பட்ட வாக்குகள் உள்ள ஒரு தொகுதியில் ஒரு மலையின் சில ஆயிரம் வாக்குகள் வெற்றியைப் பெரும்பாலும் தீர்மானியா. தலையெண்ணிக்கையால் வலிமை பெறாதார் வேறெதனால் வலிமை பெறுதல் கூடும்? கேட்கும் கேள்வியின் செம்மையால்தான். இதனை மனத்திற்கொண்டு பழைய சரித்திரத்திற் சிறிது புகுவோம்.

கணக்குக் காட்டாதவன் நிற்கலாகாது

காஞ்சிக்கு அணித்தாகிய உத்திரமேரூரில் முதற் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுக்கள் இரண்டு உள. கி.பி. 919, 921 ஆகிய ஆண்டுகட்குரியன அவை. ஊரை 30 குடும்புகளாகப் பகுத்து, தகுதியுடையார் பெயர்களை ஓலையில் எழுதிக் குடத்திலிட்டு, சிறுவன் ஒருவனைக் கொண்டு எடுப்பித்து, ஏரி வாரியம், தோட்ட வாரியம் முதலிய குழுக்கட்கு உறுப்பினரைத் தெரிந்த முறை அவற்றில் விரிவாகப் பொறிக்கப்பட்டுள்ளது.

இதனை எடுத்துக்காட்டி நம் முன்னோர் குடியரசு நடத்தினர் என்று பெருமை கொள்வார் பலர். உண்மையை மறைத்தல் சரித்திரத்துக்கு அழகன்று. அச்சபை பிரமதேயத்துச் சபை. வேதப்பயிற்சியும் வரி செலுத்தும் நிலமும் உடைய ஆடவர்க்கே அதில் இடமுண்டு. பெண்டிரும், உழுது உழைத்த ஏனையோரும் அக்குடவோலையிற் பெயர் பெறவில்லை. ஆயினும் அக்கல்வெட்டில் நாம் எடுத்துக்கொள்ளத்தக்க விதி ஒன்று உளது. முன்னர் வாரியம் செய்து கணக்குக் காட்டாது நின்றவரும், அவர்தம் நெருங்கிய உறவினரும் மீண்டும் அப்பதவிக்கு உரியரல்லர் என்பதே அது. ஓராண்டு பதவி, ஆண்டு முடிவிற் கணக்கு, கணக்கில்லையேல் மறுபடியும் பதவியில்லை. ஆயிரத்து நூறு ஆண்டுகட்கு முன் ஓர் ஊர்ச்சபை தன் உறுப்பினரிடம் எதிர்பார்த்த இதனை, இன்று ஒரு மாகாணத்தையே ஆளவரும் கட்சியிடம் நாம் எதிர்பார்த்தல் மிகையாகுமோ?

வாக்குரிமை வந்த வரலாறு

இக்காலத் தேர்தல் நம் நாட்டிற்கு மெல்லவே வந்தது. 1919ஆம் ஆண்டுச் சீர்திருத்தச் சட்டத்தின்படி சென்னை மாகாணச் சட்டசபைக்கு 1920ஆம் ஆண்டில் தேர்தல் நடந்தது. நிலவரி, வீட்டுவரி முதலியன செலுத்தும் உடைமையாளர்க்கே அப்பொழுது வாக்குண்டு. பெண்டிர்க்கு வாக்கில்லை, 1921இல் சென்னைச் சட்டசபை அத்தடையை நீக்கிற்று, எனினும் சொத்துடைய பெண்டிரே அப்பயனை எய்தினர். 1935ஆம் ஆண்டுச் சட்டம் வாக்காளர் தொகையைப் பெருக்கிய போதிலும், வயது வந்தார் யாவரையும் அது உட்கொள்ளவில்லை. பட்டா இல்லாத மலைச்சாரலில் சாமை விதைத்த குடியானவர்க்கு இவ்விரு சட்டங்களாலும் பெரும்பயன் விளைந்திராது. 1951-52ஆம் ஆண்டுப் பொதுத்தேர்தலிலேதான் 21 வயது நிரம்பிய ஆண் பெண் இருபாலார்க்கும் உடைமை நோக்காது வாக்களிக்கும் உரிமை கிட்டிற்று. 1989 முதல் அவ்வயது 18 ஆயிற்று.

கட்சிகள் தம் கொள்கையை அச்சிட்டு வெளியிடும் வழக்கமும் இங்ஙனமே வளர்ந்தது. 1834ஆம் ஆண்டில் ஆங்கில நாட்டு முதன்மந்திரி ராபர்ட் பீல் என்பார் டாம்வொர்த் என்னும் தம் சிறிய தொகுதியின் வாக்காளர்க்கு எழுதிய கடிதம் தேர்தல் விஞ்ஞாபனங்கட்கு முன்மாதிரி என்பர். நாட்டையாளும் மந்திரி தம் கருத்தை வாக்காளர்க்கு முன்னதாக எழுத்தில் அறிவித்தல் வேண்டும் என்னும் கடப்பாடு அதன்வழி வேரூன்றியது. வாய்ப்பேச்சுக் காற்றிற் கலந்துவிடும். எழுத்து நின்று சாட்சி சொல்லும்.

சேலம் ஜில்லாவில் நிறைவேறிய ஒரு வாக்கு

கொடுத்த வாக்கு நிறைவேறினமைக்கு எடுத்துக்காட்டு வேண்டுமேல் நாம் வேறெங்கும் போகவேண்டா. 1937ஆம் ஆண்டுத் தேர்தலில் காங்கிரஸ் கட்சி சென்னை மாகாணத்திற் பெருவெற்றி பெற்று, ராஜாஜி முதன்மந்திரி ஆனார். மதுவிலக்கு அக்கட்சி நெடுநாளாகக் கூறிவந்த கொள்கை. ஆட்சியேற்ற சில திங்களில், 1937 அக்டோபர் 1ஆம் நாள், சேலம் ஜில்லாவில் அது நடைமுறைக்கு வந்தது. தருமபுரி அப்பொழுது சேலம் ஜில்லாவைச் சேர்ந்தது. 1965 அக்டோபர் 2ஆம் நாளன்றே தனி ஜில்லாவாயிற்று. ஆகவே நாம் வாழும் இந்நிலமே மாகாணத்தில் அச்சட்டத்துக்கு முதற்களம்.

இதிற் கவனிக்கற்பாலன மூன்று. முதலாவது, அது மாகாணம் முழுதும் ஒரேநாளிற் செய்யப்படவில்லை. சேலத்திற் செய்து பார்த்து, 1938இல் சித்தூர், கடப்பை ஜில்லாக்களிலும், 1939இல் வடஆற்காட்டிலும் விரிக்கப்பட்டது. இரண்டாவது, ராஜாஜி இந்த ஜில்லாவை நன்கு அறிந்தவர். ஓசூரையடுத்த தொரப்பள்ளியிற் பிறந்து, சேலம் நகரசபைத் தலைவராயிருந்து, 1925இல் திருச்செங்கோட்டையடுத்து ஆசிரமம் நிறுவி, குடியொழிப்புப் பணியும் செய்தவர். களமறிந்து கொடுத்த வாக்கு அது. மூன்றாவது, அதற்கு விலையுண்டு என்பது மறைக்கப்படவில்லை. கள், சாராய வருவாய் அக்காலத்து மாகாண வருவாயில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு. அதனை இழந்தால் பள்ளிக்கும் மருத்துவத்துக்கும் பொருள் எங்கிருந்து வரும்? 1939இல் பொது விற்பனைவரி விதிக்கப்பட்டது. வியாபாரிகள் கடிந்து பேசினர். ஆயினும் ஒன்றை விட்டால் மற்றொன்றை ஏற்கவேண்டும் என்பதை மந்திரிசபை வெளிப்படையாக மக்கள் முன் வைத்தது.

அவ்வாக்கின் பிற்கால வரலாறும் பாடம் புகட்டுவதே. 1939 அக்டோபரில் அம்மந்திரிசபை விலகிற்று. போர்க்காலத்தில் கவர்னர் ஆட்சி மதுவிலக்கை நிறுத்திவைத்தது. விடுதலைக்குப் பின் 1948இல் மாகாணம் முழுதும் பரவிய அச்சட்டம் 1971இல் தளர்ந்தது, மீண்டும் வந்தது, மீண்டும் சென்றது. 2003 முதல் அரசுக் கழகமே சில்லறை மதுக்கடைகளை நடத்தும் நிலை உண்டாயிற்று. மதுவிலக்கு வேண்டும் என்பாரும் வேண்டா என்பாரும் இன்றும் உளர். எப்பக்கம் நிற்பாராயினும், 1939இல் எழுந்த அதே கேள்விக்கு அவர் விடையிறுத்தல் வேண்டும்: அவ்வருவாய்க்கு ஈடு யாது? அவ்விடையின்றி மதுவிலக்குப் பேசுதல் ஏட்டுச் சுரைக்காய் போல்வதே.

படியரிசி முதல் தொலைக்காட்சிப் பெட்டி வரை

1967ஆம் ஆண்டுத் தேர்தலில் திராவிட முன்னேற்றக் கழகம் ரூபாய்க்கு மூன்று படி அரிசி இலட்சியம், ஒரு படி நிச்சயம் என்று முழங்கிற்று. பஞ்சமும் விலையேற்றமும் மக்களை வருத்திய காலம் அது. வெற்றி பெற்று அண்ணாதுரை முதலமைச்சரான பின்னர், ரூபாய்க்கு ஒரு படித் திட்டம் சென்னையிலும் கோயமுத்தூரிலும் தொடங்கப்பட்டது. பொருள்முட்டுப்பாட்டால் அது நாடெங்கும் பரவவில்லை. இங்கு ஒரு நுட்பம் உளது. இலட்சியம் இது, நிச்சயம் இது என்று பிரித்துச் சொன்னமை நேர்மைக்கு ஓரளவு இடந்தந்தது. ஆனால் நிச்சயம் என்றதும் நகரத்தோடு நின்றது; மலைக்கு எட்டவில்லை.

2006ஆம் ஆண்டில் அக்கட்சி வண்ணத் தொலைக்காட்சிப் பெட்டியும், நிலமற்ற உழவர்க்கு இரண்டு ஏக்கர் நிலமும் தருவதாக அறிவித்தது. 2011இல் அண்ணா திராவிட முன்னேற்றக் கழகம் மின்விசிறி, மாவரைக்கும் இயந்திரம், மிக்ஸி ஆகியன தருவதாக அறிவித்தது. பெட்டிகளும் இயந்திரங்களும் பெரும்பாலும் வந்து சேர்ந்தன. நிலமோ சொன்ன அளவில் வந்து சேரவில்லை. இதன் காரணத்தை ஆராய்தல் வேண்டும். கடையில் வாங்கிக் கையிற் கொடுக்கத்தக்க பொருள் அடுத்த தேர்தலுக்குள் வீடுதோறும் சேர்ந்துவிடும். கொடுத்தவர் பெயரும் அதன்மேல் நிற்கும். நிலம், சாலை, நீர், பள்ளி ஆகியன அளந்து, எடுத்து, கட்டி, ஆள் அமர்த்தி ஆண்டுக்கணக்கில் முடிக்கவேண்டியன. முடிக்குங்கால் வேறொரு கட்சி ஆட்சியில் இருத்தலும் கூடும். ஆகலின் கட்சிகள் முதல்வகையை விரும்புதல் இயல்பே. மலைமேல் வாழ்வார்க்கு இரண்டாம் வகையே உயிர்நிலை என்பதை நாம் எடுத்துச் சொல்லாவிடில் வேறு யார் சொல்வார்?

இலவசம் என்ற பெயர்கேட்ட மாத்திரத்தில் இகழ்வாரும் உளர். அது தகாது. 1920இல் பிட்டி தியாகராயர் தலைமையில் சென்னை நகரசபை ஏழைச் சிறுவர்க்குப் பள்ளியில் உணவளிக்கத் துணிந்தது, காமராஜர் காலத்தில் அது மாகாணமெங்கும் விரிந்தது, 1982இல் எம்.ஜி. இராமச்சந்திரன் ஆட்சியிற் சத்துணவாக வளர்ந்தது. அதுவும் விலையில்லாது கொடுத்ததே. அது குழந்தைகளைப் பள்ளிக்கு அழைத்துவந்து பசியும் தீர்த்தது. எனவே நாம் வினவவேண்டியது இலவசமா அன்றா என்பதன்று; இது எதனை வளர்க்கும், இதற்காக எதனைக் கைவிடுவீர் என்பதே.

2006, 2011 ஆண்டுகளின் இவ்வறிவிப்புக்களை எதிர்த்துத் தமிழ்நாட்டு வழக்கறிஞர் சுப்பிரமணியம் பாலாஜி என்பார் தொடுத்த வழக்கில் உச்சநீதிமன்றம் 2013 ஜூலை 5ஆம் நாள் தீர்ப்பளித்தது. தேர்தல் அறிக்கையில் வாக்களித்தல் 1951ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி லஞ்சக் குற்றமாகாது என்று நீதிமன்றம் கூறிற்று. ஆயினும் தேர்தல் அறிக்கைகட்கு நெறி வகுக்குமாறு தேர்தல் ஆணையத்தைப் பணித்தது. அதன்படி வகுத்த நெறி, கட்சிகள் தம் வாக்குறுதிக்குரிய காரணத்தையும், அதற்குப் பொருள் தேடும் வழியையும் ஒருவாறு காட்டவேண்டும் என்றும், நிறைவேற்றக்கூடிய வாக்குறுதிகளின் மேலேயே மக்கள் நம்பிக்கையை நாடவேண்டும் என்றும் கூறுகின்றது. நம் நாட்டுக் குடிமகன் ஒருவர் தொடுத்த வழக்கின் பயனாக இந்தியா முழுதுக்கும் வந்த நெறி இது. ஆனால் அதனை மீறியதற்கெனத் தண்டனை ஏதும் வகுக்கப்படவில்லை. எனவே அதனைக் காக்கும் பொறுப்பு வாக்காளர் கையிலே விடப்பட்டுள்ளது எனலாம்.

நெதர்லாந்து தேசத்தில் 1986 முதல் ஒரு வழக்கம் உண்டு. தேர்தலுக்கு முன் கட்சிகள் தாமே முன்வந்து தம் திட்டங்களை அரசின் பொருளாதார ஆராய்ச்சி நிலையம் ஒன்றிடம் ஒப்படைக்கின்றன. அதன் அறிஞர் செலவையும் விளைவையும் கணக்கிட்டு வெளியிடுகின்றனர். எக்கட்சி நல்லது என்று அவர் கூறுவதில்லை. எக்கட்சியின் திட்டத்துக்கு எவ்வளவாகும் என்று மட்டும் கூறுகின்றனர். இங்கு அத்தகைய நிலையம் தோன்றும்வரை வாக்காளரே அக்கேள்வியைக் கேட்டல் வேண்டும்.

ஓர் ஆட்சி தொடங்கி மற்றோர் ஆட்சி முடித்தல்

தருமபுரி ஜில்லாவின் நிலத்தடி நீரில் புளோரைடு மிகுதியால் பல்லும் எலும்பும் பழுதுற்று வருந்தினார் பலர். இதனைப் போக்க ஒகேனக்கல்லிற் காவிரி நீரை எடுத்துத் தருமபுரி, கிருஷ்ணகிரி ஜில்லாக்களுக்கு வழங்கும் திட்டம் வகுக்கப்பட்டது. ஜப்பான் நாட்டுக் கடனுதவியோடு ரூ. 1,900 கோடிக்கு மேற்பட்ட மதிப்பில் அமைந்த அதற்கு 2008இல் முதலமைச்சர் மு. கருணாநிதி அடிக்கல் நாட்டினார். 2013இல் முதலமைச்சர் ஜெ. ஜெயலலிதா அதனைத் தொடங்கிவைத்தார். ஒருவரையொருவர் கடுமையாக எதிர்த்த இரு கட்சிகளின் கையிலும் ஒரே குழாய் வளர்ந்தது. நல்லதொரு வேலையை, தொடங்கியவர் யார் என்று பாராது முடித்தல் வேண்டும் என்னும் எதிர்பார்ப்புக்கு இதனினும் சிறந்த சான்று வேண்டா.

இதற்கு மறுதலையான சான்றும் அணித்தே உளது. மொரப்பூரிலிருந்து தருமபுரிக்கு 1906இல் ஒரு சிற்றிருப்புப்பாதை திறக்கப்பட்டு, பின் ஓசூர் வரை நீண்டது. உலகப்போர்க் காலத்தில், 1941இல், அது மூடப்பட்டது. மொரப்பூர்த் தொடர்பை மீட்பதாகத் தேர்தல்தோறும் பேச்செழுந்தது. புதிய பாதைக்கு அடிக்கல் நாட்டியது 2019இல்; நிலமெடுக்கும் வேலை அதற்குப் பின்னரும் ஆண்டுகளை விழுங்கிற்று. அடிக்கல் நாட்டுதல் வாக்கை நிறைவேற்றுதல் ஆகாது. அது வாக்கை மறுமுறை கூறுதலே.

பென்னாகரம் தொகுதிக் கோட்டூர் மலைக்கு 2021ஆம் ஆண்டுத் தேர்தலிலும் வாக்கு இயந்திரங்கள் கழுதை முதுகில் ஏறிச் சென்றன. வாக்கைப் பெற்றுவரும் கருவிக்கே வழியில்லை என்றால், வாக்கிட்டார்க்குச் சேரவேண்டிய மருந்துக்கும் நூலுக்கும் வழி எவ்வாறிருக்கும் என்பதைப் படிப்போரே உய்த்துணர்க.

நாம் எதிர்பார்க்க வேண்டுவன

மேற்கூறிய சரித்திரத்தால் கட்சிகளிடம் நாம் எதிர்பார்க்கத்தக்கன இவை எனத் தெளிவாகின்றது.

முதலாவது, செய்யப்போவது யாது என்பதை இடத்தின் பெயரோடு கூறல். மலைவாழ் மக்கள் நலம் பேணப்படும் என்பது வாக்கன்று, அது வாழ்த்து. இன்ன ஊரில் இத்தனை வகுப்புள்ள பள்ளி, இன்ன இடத்தில் இரவிலும் தங்கும் செவிலியர் என்பதே வாக்கு.

இரண்டாவது, காலமும் பொருளும் கூறல். எந்த ஆண்டில் தொடக்கம், எந்த ஆண்டில் முடிவு, எந்த வருவாயினின்றும் செலவு, அதற்காக எது குறையும் என்பன தெரிதல் வேண்டும்.

மூன்றாவது, கணக்குக் காட்டல். ஆண்ட கட்சி மறுமுறை வருங்கால் முன்னைய அறிக்கையைக் கையிலேந்தி வரவேண்டும். முடிந்தது, முடியாதது, முடியாமைக்குக் காரணம் எனப் பகுத்துரைக்கவேண்டும். எதிர்க்கட்சியும் தான் சட்டசபையில் எதனை எழுப்பிற்று என்று கூறக் கடமைப்பட்டதே.

நான்காவது, நிற்கும் மனிதரைப் பற்றிய உண்மை. 2002, 2003 ஆண்டுகளில் உச்சநீதிமன்றம் அளித்த தீர்ப்புக்களால் ஒவ்வோர் அபேட்சகரும் தம் சொத்து, கடன், கல்வி, குற்றவழக்கு ஆகியவற்றைப் பிரமாணப் பத்திரத்திற் காட்டுகின்றார். அதனைப் படிப்பவர் சிலரே. கட்சிக்குப் பொருள் கொடுத்தார் யார் என்பதை அறிதலும் வாக்காளர் உரிமையே. பெயர் மறைத்துக் கொடுக்கும் தேர்தற் பத்திரங்களை 2024 பிப்ரவரி 15ஆம் நாள் உச்சநீதிமன்றம் செல்லாதனவாக்கியதும் இவ்வுரிமை பற்றியே.

ஐந்தாவது, வாக்கை விலை பேசாமை. பணம் வழங்கியமை பற்றி 2016இல் அரவக்குறிச்சி, தஞ்சாவூர்த் தொகுதிகளிலும், 2019இல் வேலூர் மக்களவைத் தொகுதியிலும் தேர்தல் நிறுத்தப்பட்டமை நம் மாகாணத்துக்கு வந்த தலைகுனிவு. வாங்கியவன் கணக்குக் கேட்கும் வாயை அடைத்துக்கொள்கின்றான். பொருள் கொடுத்து முடிந்துபோன வியாபாரத்தில் பிற்பாடு குறைசொல்ல வழியேது?

நம் சங்கத்தார் செய்யத்தக்கது

இனி நம்மை நாமே நோக்கிச் சில கூறுதல் வேண்டும். தேர்தல் வருங்கால், எம் சாதியார் வாக்கு முழுதும் எம் கையில் என்று கட்சிகளிடம் சென்று பேசுவார் எல்லாச் சமூகங்களிலும் உளர். இதனால் ஒருவர்க்குப் பதவியோ குத்தகையோ கிடைத்தல் கூடும்; மலைக்கு ஒன்றும் வாராது. தொகுதியாகக் கொடுத்த வாக்கு எண்ணிக்கையில் மட்டும் நிற்கும். அதனோடு கேள்வி ஒன்றும் இணைந்து செல்லாது. முன்னரே கூறியவாறு, சிறிய மக்கட்குழுவிற்கு எண்ணிக்கை வலிமையன்று. எனவே சாதிச் சங்கங்கள் வாக்கைத் திரட்டிக் கொடுக்கும் தரகாகாமல், கேள்வியைத் திரட்டிக் கேட்கும் சபையாதல் வேண்டும்.

அதற்கு வழி எளிதே. தேர்தல் அறிவிப்புக்கு முன்னரே ஊர்தோறும் கூடி, ஆடவரையும் பெண்டிரையும் தனித்தனியே வினவி, ஒரே தாளில் ஐந்து அல்லது ஆறு வேண்டுகோள்களை எழுதுக. நீர் சுமப்பவர் பெண்டிர். பிரசவத்துக்கு இறங்குபவரும் அவரே. அவர் வாய்மொழி இல்லாத தாள் பாதித்தாளே. 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டத்தின்படி உரிமைப் பத்திரம், பிள்ளைகட்குச் சாதிச் சான்றிதழ் தாமதமின்றிக் கிடைத்தல், மழைக்குப் பின் சாலையைச் செப்பனிடல், சாமைக்கும் காப்பிக்கும் இடைத்தரகரின்றி விலை, மலையிலேயே உயர்நிலைக் கல்வி என்பன போன்றவை அதில் இடம்பெறலாம். அத்தாளை எல்லாக் கட்சி அபேட்சகரிடமும் வேறுபாடின்றிக் கொடுத்து, எழுத்தில் விடை பெறுக. விடை தந்தார், தாராதார் பெயர்களை இவ்வெளியீட்டில் ஒருங்கே அச்சிடுக. வென்றவர்க்கு ஆண்டுதோறும் அதே தாளை மீண்டும் அனுப்பி, எது நடந்தது என்று கேட்க. ஐந்தாண்டு முடிவில் அத்தாள்கள் நம் கையில் ஒரு சரித்திர நூலாகும்.

இதனால் உடனே மலை பெயர்ந்துவிடும் என்று நாம் கூறவில்லை. ஆயினும் ஒன்று நிகழும். கேள்வி கேட்கும் ஊர் என்று வத்தல்மலைக்குப் பெயர் உண்டாகும். அப்பெயர் உண்டான ஊரில் வாக்குக் கொடுக்க வருபவர் சொல்லை அளந்து பேசுவர். அளந்து பேசிய சொல்லே நிறைவேறுதற்கு உரியது. 12 தேர்தல்கள் கடந்தும் சாலைக்குக் காத்திருந்த நம் பெரியோர் பொறுமையை நமக்கு வைத்துச் சென்றனர். நம் மக்கட்கு நாம் வைத்துச் செல்லவேண்டியது கணக்கு. குடத்தினின்றும் ஓலை எடுத்த காலத்தும், இயந்திரத்திற் பொத்தான் அழுத்தும் இக்காலத்தும் அறம் ஒன்றே: வாக்குப் பெற்றவர் கணக்குக் காட்டக் கடவர்; வாக்கு அளித்தவர் கணக்குக் கேட்கக் கடவர். நம் சங்கத்து உறுப்பினர் யாவரும் இதனை மனத்திற்கொண்டு, வரும் தேர்தற்கு முன் தத்தம் ஊரிற் கூட்டம் கூட்டுவாராக.